வேளாண்மை அறிவியல் நிலையம் மானாவாரிக் காட்டிற்கும் வர வேண்டும்

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி முடிவுகளை விவசாயிகளின் நிலத்திற்குக் கொண்டு சேர்க்க அமைக்கப்பட்டவையே வேளாண்மை அறிவியல் நிலையங்கள். நாட்டிலேயே முதலாவது நிலையம் 1974 ஆம் ஆண்டு புதுச்சேரியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. எனினும், தார்ச்சாலையை விட்டு விலகியுள்ள சிறு விவசாயிகள் பலருக்கு இவற்றின் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஒரு கேள்வி

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய பகுதியில், நிலக்கடலைச் செயல் விளக்கத் திடல் ஒன்றைச் சாலையோரம் அமைத்திருந்தோம். கிணற்றுப் பாசன நிலம். விளைச்சல் நன்றாகவே இருந்தது. பார்க்க வந்தவர்களில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த அம்மாள் ஒருவர், "இது தண்ணி பாயிற கடலைங்க ஐயா. என் காடு மானத்தைப் பாத்துக் கிடக்குது. எனக்கு இதுல என்ன இருக்குது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஜீப் போகும் இடம், தண்ணீர் உள்ள இடம் என்று பார்த்துத் திடல் அமைத்தது எங்கள் தவறுதான்.

அடுத்த ஆண்டு அவர் ஊரிலேயே மானாவாரித் திடல் அமைத்தோம். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தோம். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 75 நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருந்த சமயம் பார்த்து இட்டு மண் அணைத்தோம். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் பருப்பு திரட்சியாகப் பிடிக்க உதவுவதால் பொக்குக் காய்கள் குறையும். ஈரம் பார்த்து இடுவதே இதில் முக்கியம். பாசனத் திடலைப் பார்த்து இதை அறிந்து கொள்ள முடியாது.

செய்ய வேண்டிய மாற்றங்கள்

திடல்களில் ஒரு பகுதியையாவது சிறு விவசாயிகளின் மானாவாரி நிலங்களில் அமைக்க வேண்டும். காலை பத்து மணிக்கு நிலையத்தில் பயிற்சி என்றால், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வர இயலாது. ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் அவர்களுக்கு நஷ்டம். எனவே மாலை நேரத்தில் ஊர்ச் சாவடியிலோ பள்ளிக்கூடத்திலோ பயிற்சி நடத்துவது நல்லது. மலைக் கிராமங்களில் குறிப்பிட்ட நாளில் மண் மாதிரிகளைச் சேகரித்து வந்து, பரிந்துரையையும் அங்கேயே சென்று விளக்க வேண்டும். அட்டையைக் கையில் கொடுத்து விட்டால் மட்டும் போதாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

பயிற்சியில் சேர நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குத்தகைக்கும் வாரத்திற்கும் பயிரிடுவோரும் கலந்து கொள்ளலாம். ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, தேவையான பயிற்சியைக் குறிப்பிட்டு நிலையத் தலைவருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒவ்வொரு நிலையத்திற்கும் ஓர் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. அதில் விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் பிரதிநிதித்துவம் உள்ளது. உங்கள் பகுதிக் குறையை அந்தப் பிரதிநிதிகள் மூலம் குழுவில் எழுப்பலாம்.

மண் மாதிரியைச் சரியாக எடுத்தால்தான் பரிந்துரையும் சரியாக இருக்கும். வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்திற்கு 'வி' வடிவக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓர் அங்குல கனத்திற்கு மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்கு பாகமாக்கி, எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டை நீக்குங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், முன் பயிர், அடுத்த பயிர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். உரச் சாக்கில் போடக்கூடாது.

அவசர ஐயங்களுக்கு, 2004 முதல் இயங்கி வரும் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அந்த அம்மாள் அன்று கேட்டதால்தான் திடல் அவர் ஊருக்கு வந்தது. நீங்களும் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.