இராக்கூத்தும் பகற்பள்ளியும்

கூத்து இரவு முழுவதும் நடைபெறும்; பள்ளியோ காலையில் தொடங்கும். இம்முரணால், கூத்தாடப் புகுந்த சிறுவர் பலர் படிப்பை இழந்தனர். கட்டைக்கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் இராஜகோபாலும் பத்து வயதிலேயே மேடையேறியவர். அவரும் ஹன்னே டி புருயின் அம்மையாரும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்திற்கு அருகே, புஞ்சரசந்தாங்கலில் 2002ஆம் ஆண்டு கட்டைக்கூத்துக் குருகுலத்தை நிறுவினர். அங்குப் பள்ளிப்பாடமும் கூத்தும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன.

கூத்தின் இசையை ஏட்டைப் பார்த்துக் கற்றுவிட இயலாது. பாடுபவரும் ஆடுபவரும் ஒருவரே. காலில் கட்டிய சலங்கை தாளத்தை விட்டு விலகினால், அதை முதலில் உணர்வது ஆடும் குழந்தையின் செவியே. மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்பதும் ஆடிக்கொண்டே பாடும்போதுதான் விளங்கும். ஒருவர் பாடியதை ஏனையோர் பின்பாட்டாகப் பாடுவர். தனித்துப் பாடக் கூசும் குழந்தையும் அக்கூட்டுக்குரலில் துணிவு பெறும். ஆர்மோனியம், மிருதங்கம், நாகசுரத்தினும் சிறியதான முகவீணை ஆகிய கருவிகளும் அங்குப் பயிற்றுவிக்கப்பட்டன.

ஆண்களே ஆடிவந்த இக்கலையில் சிறுமியரும் வேடம் புனைந்தனர். குருகுலத்தின் பெருஞ்செயல் இதுவே எனலாம். 2020ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. அங்குப் பயின்றோருள் சிலர் கூத்தையே தொழிலாகக் கொண்டனர்.