கீழே இறங்கி உண்ணும் தரை

தண்ணீரில் வீடு என்றால் அடியில் டிரம்மா, கான்கிரீட் பெட்டியா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நெதர்லாந்தில் பெரும்பாலும் கான்கிரீட் பெட்டிதான். மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் இரண்டுமே இல்லை. அங்கே தரையே மிதக்கிறது.

அந்தத் தரைக்குப் பும்டி என்று பெயர். புல், நாணல், வேர், பாதி மட்கிய சருகு, மண் எல்லாம் பின்னிப் பிணைந்த அடுக்கு அது. சில இடங்களில் இரண்டு மீட்டர் தடிமன்கூட இருக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேல் தெரியும். மீனவர்கள் அதன்மேல் மூங்கில் நட்டுக் குடிசை போட்டுக்கொள்கிறார்கள். சம்பு காங்போக் என்ற ஊர் முழுக்க இப்படி மிதப்பதுதான். பும்டியை வெட்டி வளையமாக்கி, நடுவில் மீனை மடக்கிப் பிடிப்பதும் உண்டு. அந்த வளையம் அதாபும்.

பும்டியிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. மழையில்லாத மாதங்களில் நீர் வற்ற வற்ற அது கீழே இறங்கி ஏரியின் அடிச்சேற்றில் உட்காரும். வேர்கள் அங்கே சத்தை உறிஞ்சும். மழை வந்து ஏரி நிரம்பியதும், மேய்ச்சல் முடித்த மாடு போல வயிறு நிறைந்து மேலே எழும்பும். ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த இந்தச் சாப்பாட்டால்தான் அதன் தடிமன் குறையாமல் இருந்தது.

1983-இல் இத்தாய் தடுப்பணை வந்தது. 105 மெகாவாட் மின் நிலையத்துக்காக ஏரி ஆண்டு முழுவதும் நிரப்பியே வைக்கப்பட்டது. மின்சாரம் வேண்டும்தான், ஆனால் ஏரிக்கும் ஒரு பருவக் கணக்கு உண்டு என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அடியைத் தொட முடியாத பும்டி மெலியத் தொடங்கியது. ஏரியின் தென்கிழக்கில் உள்ள கைபுல் லம்ஜாவ் தேசியப் பூங்காவில் பாதிப்பு அதிகம். பூங்காவின் பெரும்பகுதி பும்டிதான். சங்காய் மான் இயற்கையாக வாழும் ஒரே இடமும் அதுவே. 1975 கணக்கெடுப்பில் 14 மான்களே இருந்தன, 2016-இல் 260. எண்ணிக்கை தேறியும், காலடித் தரை மெலிந்துகொண்டே போகிறது.

ஏரியின் நடுப்பகுதியிலோ கதை நேரெதிர். முன்பு வெள்ளத்தோடு ஆற்றுக்குப் போன பும்டித் துண்டுகள் அணை வந்தபின் உள்ளேயே தேங்கிப் பெருகின. ஏரியைக் காக்க 2006-இல் சட்டம் வந்தது. அதைக் காட்டி 2011 நவம்பரில் அதிகாரிகளால் நூற்றுக்கணக்கான மிதக்கும் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பழி விழுந்தது மீனவர் தலையில், மதகு அசையவில்லை. வறண்ட பருவத்தில் கொஞ்ச காலமாவது நீரைத் தாழ்த்திப் பும்டியைத் தரைதட்ட விட வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை.