வீட்டிலே கூடி வாசித்தல்



ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் பொழியும் சாரல் தென்காசித் தெருக்களையும் நனைப்பதுண்டு. அத்தகைய மாலைகளில் வீட்டுக்குள் அடைபட்ட குழந்தைகளை என்ன செய்வது என்று பெற்றோர் என்னைக் கேட்பார்கள். ஒரு நூலை எடுத்து அவர்களோடு அமர்ந்து வாசியுங்கள் என்பதே நான் கூறும் விடை.

இது நம் பகுதிக்குப் புதிய வழக்கமன்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்திலே நண்பர்களைக் கூட்டி, கம்பன் கவிகளை வாய்விட்டுப் படித்துச் சுவைத்தார். அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும், நாடி வந்தோர்க்குக் கவிதை விருந்து குறையவில்லை. கற்றறிந்த பெரியோர்க்கே கூடி வாசிப்பது இன்பமாயின், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது எத்துணை அவசியம்!

காரணம் ஒன்று சொல்கிறேன். தமிழ்க் குழந்தை வீட்டில் கேட்கும் மொழி வேறு; நூலில் காணும் மொழி வேறு. ‘சொல்லுதான்’ என்று கேட்டுப் பழகிய நெல்லைச் சீமைக் குழந்தை, நூலில் ‘சொல்கிறான்’ என்று காண்கிறது. எழுத்துகள் அனைத்தும் தெரிந்தும் பொருள் பிடிபடாமல் தயங்குவது இதனால்தான். பெரியவர் வாசிக்கக் கேட்கும் குழந்தைக்கு நூல்மொழி முதலில் செவிக்குப் பழகிவிடுகிறது. பிறகு கண்ணுக்கும் எளிதாகிறது.

இதை அறிந்திருந்தும் நான் தவறினேன். பள்ளியில் பிறர் பிள்ளைகளிடம் பொறுமை காட்டிய நான், வீட்டில் என் மகன் வாசித்தபோது ஒவ்வொரு பிழைக்கும் இடைமறித்தேன். ழகரம் பிறழ்ந்தால் மீண்டும் முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். சில வாரங்களில் அவன் என் முன் வாசிப்பதையே விட்டுவிட்டான். தேர்வுகளில் தேறினான், ஆனால் ஒரு கதைநூலை அவன் விரும்பி எடுத்து நான் கண்டதில்லை.

இப்போது என் பேத்தி வாசிக்கிறாள். ஒரு பக்கம் அவள், மறு பக்கம் நான். அவள் படிக்கையில் நான் குறுக்கிடுவதில்லை. பக்கம் முடிந்த பின், பிழைபட்ட சொல்லை ஒருமுறை திருத்தமாக ஒலித்துக் காட்டுகிறேன். “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்கிறேன். கேட்ட கதையையே மீண்டும் கேட்டால் மறுப்பதில்லை. கால் மணி நேரம் போதும். சில நாட்களில் அவள் தந்தையும் அருகில் வந்து அமர்ந்து கேட்கிறான்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தம்பி தங்கையர் இருப்பர். பெற்றோர்க்கு ஓய்வில்லையேல் நீங்கள் அவர்களோடு வாசியுங்கள். எழுத்தறியாத பாட்டி இருந்தால், அவருக்குக் குழந்தையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழை பாராமல், கதை மேல் நாட்டம் வைத்துக் கேட்பவர் அவர். குழந்தைக்கு அவரினும் நல்ல துணை வேறில்லை.