பனிவண்டிக்கு ஒரே ஒரு பிரேக்

ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய ஒருவரை ஸ்னோமொபைலில் உட்கார வைத்தால், முதலில் வலது கைப்பிடியை முறுக்கப் பார்ப்பார். முறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. கைப்பிடியை ஒட்டி ஒரு சின்ன லிவர் இருக்கும். கட்டைவிரலால் அதை அழுத்தினால் வண்டி பாயும். இடது கையில் பிரேக். காலுக்கு வேலையே இல்லை. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். ஸ்கீ என்பார்கள். சக்கரமே இல்லாத வண்டியில் பிரேக் எதைப் பிடிக்கிறது?

பின்னால் சுழலும் அகலமான ரப்பர் பட்டையை. லிவரை அழுத்தியதும் பிரேக் பேடுகள் ஒற்றை டிஸ்க் ஒன்றைக் கவ்வும். பட்டையின் சுழற்சி அடங்கும். பிரேக்கின் வேலை அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டி நிற்குமா, எங்கே நிற்கும் என்பதெல்லாம் பட்டைக்கும் பனிக்கும் உள்ள விவகாரம். முழங்கால் ஆழப் புதுப்பனியில் கட்டைவிரலை எடுத்தாலே போதும், வண்டி தானாக அடங்கிவிடும். பலரும் ஓடி இறுகிய பாதையில் அதே வண்டி நெடுந்தூரம் போய்த்தான் நிற்கும். உறைந்த ஏரியின் வெற்று ஐஸில் கேட்கவே வேண்டாம்: பட்டை அசையாமல் நிற்க, இருநூறு, முந்நூறு கிலோ இரும்பு வழுக்கிக்கொண்டே போகும்.

அதனால் தேர்ந்த ஓட்டுநர்கள் பிரேக்கைக் கட்டைவிரலில் இருந்து தொடங்குகிறார்கள். விரலை எடுத்ததும் இன்ஜினே வேகத்தை ஓரளவு இழுத்துப் பிடிக்கும். அதன் பிறகு இடது கை. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி. ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் பட்டை பூட்டிக்கொள்ளும், வண்டியின் வால் பக்கவாட்டில் சுழலப் பார்க்கும். வளைவு வந்தால் நேரான பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடுவது தாமதம். பிரேக் பிடிக்கையில் எடை முன்பக்கம் சாயும், ஸ்கீயின் அடியில் இருக்கும் கார்பைடு கம்பிகள் ஐஸில் பதியும். திருப்பம் கேட்பது அந்தக் கம்பிகளின் தயவில்தான். அவை மழுங்கிப்போன வண்டியில் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பயந்தால் மனிதனுக்குக் கை இறுகும். வலது கை இறுகினால் கட்டைவிரலும் கூடவே அழுத்தும். நிற்க வேண்டிய வண்டி மரத்தை நோக்கிப் பாயும். இதற்காகத்தான் ஓட்டுபவரின் உடையில் மாட்டும் கயிறு ஒன்று தருகிறார்கள். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், இன்ஜின் அணைந்துவிடும். அதை மாட்டாமல் ஹேண்டில்பாரில் தொங்கவிடுகிறவர்கள் நிறைய.

இரவில் கணக்கு இன்னும் கறார். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஹெட்லைட் 60 மீட்டர் வரை காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், வெளிச்சத்தின் விளிம்பில் தெரிந்த மான் மூன்றரை நொடியில் முகத்துக்கு நேரே. திடுக்கிட்டு விரல் அசையவே ஒரு நொடி போய்விடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பனிப்பாதைகளுக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்பு விதித்திருப்பதை இப்படிப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த வண்டி விளையாட்டுக்காகப் பிறந்தது அல்ல. 1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வல்கோர் ஊரில் மெக்கானிக் ஜோசப் அர்மான் பொம்பார்டியேவின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர், பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் போகும் அவருடைய சின்ன வண்டி, ஸ்கீ-டூ, 1959இல் வந்தது. இன்றும் பிரேக் பிடித்தால் நிற்பது அதே பல்சக்கரமும் பட்டையும்தான்.

ஆகவே பராமரிப்பு என்பது டிஸ்க்கோடு முடியாது. பட்டை தளர்ந்திருந்தால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பல்சக்கரம் அதன் மேல் தாவித் தாவிப் போகும். கடகடவென்று சத்தம் கேட்கும். மிக இறுக்கினால் வண்டி திணறும், உதிரிகள் தேயும். சரியான இறுக்கம் வண்டிக்கான கையேட்டில் இருக்கும். அளந்து சரிசெய்ய வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். அப்போது இன்ஜினை ஓடவிட்டுப் பட்டையைச் சுழற்றினால் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. ஐஸுக்காகப் பட்டையில் அடித்த உலோக முள் ஒன்று கழன்றால் தோட்டா மாதிரி வரும்.

பல வண்டிகளில் டிஸ்க் இருப்பது, பட்டைக்குச் சக்தியைக் கடத்தும் செயினுக்கு மேலே உள்ள தண்டில். செயின் அறுந்தால் ஓட்டம் மட்டுமல்ல, பிரேக்கும் போயிற்று. செயின் பெட்டியின் எண்ணெயையும் செயினின் தளர்ச்சியையும் பார்க்காதவர்கள் இதை யோசிப்பதில்லை. (பட்டையைச் சுழற்றும் கீழ்த்தண்டிலேயே டிஸ்க் வைத்த மாடல்களும் இருக்கின்றன, அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.) பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தில் டிஸ்க் சூடானதும் கொதித்து ஆவிக் குமிழாகும். அப்புறம் லிவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. ஆயில் கருத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னொரு வீண் செலவு, பார்க்கிங் பிரேக்கை எடுக்காமல் ஓட்டுவது; சில கிலோமீட்டரில் டிஸ்க் பழுத்துவிடும்.

ஸ்கூட்டிக்காரருக்குப் பழக்கமான உறுப்பும் ஒன்று இருக்கிறது: ரப்பர் பெல்ட். கியர் இல்லாத ஸ்கூட்டரைப் போலவே இதிலும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது. ஓரம் பளபளத்து, நூல் பிரிந்தால் மாற்றிவிட வேண்டும். தொலைதூரம் போகிறவர்கள் மாற்று பெல்ட் ஒன்று வைத்திருப்பார்கள். மைனஸ் முப்பதில், ஊருக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி அது அறுந்தால் நடைதான்.

பனியே இந்த வண்டிக்கு மசகும் குளிரூட்டியும் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். பட்டை உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டிகளைக் குளிர வைப்பதும், பல வண்டிகளில் இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்வதும் பட்டை வாரியிறைக்கும் பனித்தூள்தான். வெற்று ஐஸிலோ தார்ச்சாலையிலோ ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும், இன்ஜின் கொதிக்கும்.

இந்தியாவில் இதை அதிகம் பார்க்கக் கிடைப்பது காஷ்மீரின் குல்மார்க்கில். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே போகிறவர்கள் இன்ஜினை முடுக்கும் முன் கட்டைவிரல் லிவரை ஒருமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். உருகி மறுபடி உறைந்த பனி கேபிளைப் பிடித்திருந்தால் அது திரும்பி வராது. அந்த வண்டியில் ஏற வேண்டாம். இடது லிவரும் கல்லாக நிற்க வேண்டும், பஞ்சாக அமுங்கக் கூடாது. ஹெல்மெட்டையும் அந்தக் கயிற்றையும் கேட்டு வாங்குங்கள்.