சளிக்காய்ச்சல்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

விடியற்காலை. பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் பிள்ளையின் நெற்றி கொதிக்கின்றது. "சளிக்காய்ச்சல்தானே" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகின்றோம். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை நமக்கு! மூன்றாம் நாள் பக்கத்து வீட்டிலும் இருமல் கேட்கின்றது.

வாசகர்களே, இன்புளுவென்சா இப்படித்தான் பரவுகின்றது.

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் புதுவகை இன்புளுவென்சா தோன்றியது. சீனா அப்போது உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்திருக்கவில்லை. செய்தி வெளியே வரவில்லை. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ஆயிரமாயிரம் பேர் படுக்கையில் விழுந்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது. அதற்குள் கிருமி கப்பலேறிவிட்டது. உலகெங்கும் 10 லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

இன்று மலேசியாவில் நிலைமை வேறு. ஒரே இடத்திலிருந்து பலர் காய்ச்சலோடு கிளினிக்குக்கு வந்தால், செய்தி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகின்றது. அங்கிருந்து மாநில இலாகாவுக்கு. பிறகு சுகாதார அமைச்சுக்கு. எந்தக் கிருமி, எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் மருந்தை எங்கே அனுப்புவது, எந்தப் பள்ளியை மூடுவது என்று முடிவு செய்யலாம். 2025 அக்டோபரில் ஏறக்குறைய 6,000 மாணவர்களுக்கு இந்நோய் கண்டபோது சில பள்ளிகள் மூடப்பட்டன.

இவ்வளவு நீண்ட சங்கிலிக்கு முதல் வளையம் யார்? நீங்கள்தான்! வீட்டில் காய்ச்சலை மறைத்தால், மேலே இருப்பவர்கள் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

ஆகவே, காய்ச்சல், இருமல், உடல்வலி மூன்றும் சேர்ந்து வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கேனும் காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், முதியோர், நீரிழிவோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. கிருமியை அடக்கும் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மூச்சு வாங்கினால் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சம்பளக் கவலையா? உங்களுக்கே நோய் கண்டு டாக்டர் எம்.சி. கொடுத்தால், தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கேட்டுப் பெறுங்கள்.

பிள்ளைக்காக வீட்டில் தங்கினால் ஒரு நாள் கூலி போகலாம். போன கூலியை அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளையை?