வலி மாத்திரை நரம்பில் ஏறும்போது

கடும் வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை டேபென்டடால். அதையே பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. ‘மெடிக்கல்ல விக்கிற மாத்திரைதானே’ என்ற நினைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அபின், ஹெராயின், டேபென்டடால் எல்லாம் மூளையில் திறப்பது ஒரே பூட்டைத்தான். அந்த ஓபியாய்டு ஏற்பியை 1973இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அடையாளம் காட்டினார்கள். அதற்கான சாவி உடலிலேயே சுரக்கிறது என்பது 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் தெரியவந்தது. வலி தணிக்கும் அந்தச் சுரப்புக்கு என்கெஃபலின் என்று பெயர்.

வெளியிலிருந்து வரும் கள்ளச்சாவி, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனை அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. நாளடைவில் ஏற்பிகள் மரத்துப்போக, பழைய அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. இந்த வேதனைக்குப் பயந்தே அடுத்த ஊசி ஏறுகிறது. இதைத் திமிர் என்று திட்டுவதில் பயனில்லை. இது சிகிச்சை தேவைப்படும் நோய்.

பலர் வெளியே சொல்லக் கூசும் பாதிப்பு ஹார்மோன்களில் நடக்கிறது. இந்த மருந்துகள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை அடக்குவதால் பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போகும் கட்டளை குறைகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சரிந்து பாலுறவு நாட்டம் குன்றும். பெண்களுக்கு மாதவிடாய் தவறும், நின்றும் போகும். மருந்தை விட்ட பிறகு பெரும்பாலும் இது சீராகிறது.

உயிரைப் பறிப்பது மூச்சு ஒடுங்கி நின்றுபோவது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து கூடும். சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் அதுவே கொல்லலாம். எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நலாக்சோன் ஊசி மூச்சை மீட்கும்.

போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவர்களுக்குத் தெரிய வேண்டும். போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு ஆளான, போதைக்கு அடிமையானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

மறுவாழ்வு மையம் என்ற பெயரில் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சேர்க்கும் முன் மையத்துக்குப் பதிவு உண்டா, மருத்துவர் இருக்கிறாரா, குடும்பத்தார் வந்து பார்க்க விடுவார்களா என்று கேட்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.