நீர் அடக்கிய நெருப்பு

யுரேனியம் 235இன் அணுக்கரு பிளக்கும்போது வெளியேறும் நியூட்ரான் விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் அது இன்னொரு யுரேனியக் கருவைப் பிளப்பது அரிது. பெரும்பாலும் பக்கத்தில் கடந்து போய்விடும். விநாடிக்கு இரண்டு மூன்று கி.மீ. என்ற அளவுக்கு வேகம் தணிந்தால்தான் கருவுக்குள் சிக்கும், பிளக்கும். தணிவதற்கு அது தன் எடைக்குச் சமமான ஒன்றோடு மோத வேண்டும். கனத்த கருவில் மோதினால் தெறித்துத் திரும்புமே தவிர, வேகத்தை அதிகம் இழக்காது. நியூட்ரானுக்குச் சம எடையுள்ள கரு ஹைட்ரஜனுடையது. கரியின் கருக்களில் 110 தடவைக்கு மேல் மோதிக் களைக்க வேண்டிய நியூட்ரான், ஹைட்ரஜனில் 18 மோதல்களுக்குள் சாதுவாகிவிடுகிறது. அந்த ஹைட்ரஜனைப் படைப்பு எங்கே சேமித்து வைத்திருக்கிறது? கிணற்றில், குளத்தில், மழையில். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு.

இதை முதன்முதலாகப் படித்து விளங்கிக்கொள்ளும் எவரும் சற்று நின்றுவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். அணுவின் நெருப்பை மூட்டுவதற்கு உகந்த பொருள், உலகிலேயே எளிதில் கிடைக்கும் பொருளாக இருக்கிறது. அதைவிட வியப்பு, அதே நீர் அந்த நெருப்புக்குக் கடிவாளமாகவும் இருப்பதுதான். உலையின் சூடு கூடினால் நீர் விரிகிறது, விரிந்தால் அடர்த்தி குறைகிறது, அடர்த்தி குறைந்தால் நியூட்ரானுக்கு மோத ஹைட்ரஜன் போதவில்லை, வேகம் தணியாத நியூட்ரான் பிளக்காது, சூடு இறங்குகிறது. யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. எரிபொருளையும் நீரையும் சரியான விகிதத்தில் வைத்துவிட்டால் மீதியை நீரே பார்த்துக்கொள்கிறது.

அந்த விகிதம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. செர்னோபிலில் நியூட்ரானைத் தணிக்கும் வேலை கிராஃபைட்டிடம் இருந்தது. நீர் அங்கே வெறும் குளிர்விப்பான். நியூட்ரானை விழுங்கும் தடையும்கூட. 1986இல் நீர் ஆவியானபோது தடைதான் விலகியது, தணிப்பான் அப்படியே இருந்தது. வினை அடங்கவில்லை, சீறியது. நீரின் குணம் மாறவில்லை. அதை நிறுத்திய இடம்தான் தவறு.

இன்னொரு கொடையையும் சொல்லியாக வேண்டும். பிளவில் பிறக்கும் நியூட்ரான்களில் ஏறக்குறைய எல்லாமே உடனடியாக வெளிவந்துவிடுகின்றன. அவை மட்டுமே இருந்திருந்தால் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மனிதன் கையை அசைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஆயிரத்தில் ஆறு ஏழு நியூட்ரான்கள் தாமதமாக வருகின்றன. பிளவில் மிஞ்சும் புரோமின், அயோடின் போன்றவற்றின் சில கருக்கள், சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிடம்வரை பொறுத்திருந்துதான் அவற்றை விடுகின்றன. 1939இல் கண்டறியப்பட்ட இந்தச் சிறு தாமதம் இல்லையென்றால் அணுகுண்டு இருந்திருக்கும், அணு உலை இருந்திருக்காது. நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை நிதானமாக ஏற்றி இறக்க மனிதனுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் முழுவதும் அந்த ஆறு ஏழு நியூட்ரான்களின் பொறுமையால் வந்தது.

உலோகங்களிலும் இப்படியோர் ஏற்பாடு இருக்கிறது. எரிபொருளைப் பொதிந்துவைக்கும் குழாய் சூட்டைத் தாங்க வேண்டும், நீரில் அரிக்கக் கூடாது, நியூட்ரானையும் விழுங்கக் கூடாது. மூன்றும் ஒருங்கே அமைந்தது சிர்க்கோனியம். அதன் தாதுவில் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும் இரட்டைப் பிறவி ஹாஃப்னியம். வேதியியல் குணத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, பிரித்தெடுக்கவே பெரும்பாடு. நியூட்ரானிடம் மட்டும் நேர் எதிர். சிர்க்கோனியம் அதற்கு வழிவிடுகிறது, ஹாஃப்னியம் விழுங்குகிறது. ஆகவே முன்னது எரிபொருளின் உறையாயிற்று, பின்னது முதல் அழுத்த நீர் உலைகளில் கட்டுப்பாட்டுக் கோலாயிற்று. ஒரே மணலில் திரியும் உண்டு, அணைப்பானும் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இந்தத் தாது கலந்து கிடக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணு உலைகளுக்கென்றே சிர்க்கோனியம் தயாரிக்கும் ஆலை ஒன்று நடக்கிறது.

நீரை அழுத்தி, கொதிக்க விடாமல், உலைக்குள் சுற்ற விடலாம் என்ற யோசனை 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஆல்வின் வைன்பெர்க் போன்றவர்களிடம் உருவானது. அதைப் பிடிவாதமாகச் செயலுக்குக் கொண்டுவந்தவர் கடற்படை அதிகாரி ஹைமன் ரிக்கோவர். நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் 1955 ஜனவரி 17 அன்று அணுவிசையில் புறப்பட்டது. 1957 டிசம்பர் 2 அன்று பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட் நிலையத்தில் தொடர்வினை தொடங்கியது. அதன் மின்திறன் 60 மெகாவாட். இன்று ஓடும் அழுத்த நீர் உலைகளில் நீர் வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் 320 டிகிரியிலும் கொதிப்பதில்லை. அந்தச் சூட்டை இன்னொரு சுற்றில் ஓடும் நீருக்குக் கைமாற்றி, அதிலிருந்து எழும் நீராவியில் டர்பைன் சுழல்கிறது.

முதல் கால் நூற்றாண்டில் வடிவமைப்பாளர்கள் பாதுகாப்பு என்றால் இயந்திரம் என்றே எண்ணினார்கள். ஒரு பம்பு பழுதானால் இன்னொரு பம்பு, அதற்கு மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர், அதுவும் போனால் இன்னொன்று. உலையை நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தொடர்வினை நின்ற கணத்திலும் பிளவில் பிறந்த கருக்கள் சிதைந்துகொண்டே இருக்கும்; உலையின் முழு வெப்பத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் அப்போதும் எழும். 3,400 மெகாவாட் வெப்ப உலையில் அது 200 மெகாவாட்டைத் தாண்டும். சில மணி நேரத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும், ஆனால் நாட்கணக்கில் விடாது. அந்த வெப்பத்தை எடுத்தே ஆக வேண்டும்.

1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அவசர நீர் தானாகவே பாயத் தொடங்கியது. கருவிகள் காட்டியதைத் தவறாகப் புரிந்துகொண்ட பணியாளர்கள் அதைக் குறைத்துவிட்டார்கள். எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. அவர்கள்மீது பழிபோட எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான விளக்குகளும் மணிகளும் ஒரே நேரத்தில் அலறும் அறையில், சில நிமிடங்களுக்குள் சரியாக முடிவெடுக்கும்படி மனிதனை நிறுத்திய வடிவமைப்பே பிழையானது.

அதன் பிறகு சில பொறியாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். ஒருபோதும் பழுதாகாதது எது? ஈர்ப்பு விசை. சூடான நீர் மேலெழுவது, குளிர்ந்தது கீழிறங்குவது. ஆவியாவது, குளிர்வது. இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், உலகம் தோன்றிய நாள்முதல் ஒரு நொடிகூட நின்றதில்லை. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இவற்றை நம்பி ஏபி600 என்ற உலையை வரைந்தது. ஒரேகான் அரசுப் பல்கலைக்கழகத்தில் கால் பங்கு உயரத்தில் ஒரு மாதிரி கட்டி, அணு எரிபொருளுக்குப் பதில் மின் அடுப்பு வைத்து, குழாயை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார்கள். 1999இல் ஏபி600 அனுமதி பெற்றது. அதன் பெரிய தம்பி ஏபி1000, சுமார் 1,100 மெகாவாட் மின்திறன் கொண்டது.

அதற்குள் நடப்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். மின்சாரம் முழுவதும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டுக் கோல்கள் தம் எடையாலேயே விழுந்து தொடர்வினையை நிறுத்துகின்றன. மூடியிருந்த வால்வுகள் திறந்துகொள்கின்றன. உலையிலிருந்து சூடான நீர் தானாக மேலெழுந்து, பெரிய தொட்டி ஒன்றுக்குள் மூழ்கிய குழாய்களில் வெப்பத்தை விட்டுவிட்டு, குளிர்ந்து, கனத்து, மீண்டும் உலைக்கு இறங்குகிறது. தொட்டி நீர் கொதித்து ஆவியாகிறது. சுற்றிலும் சுமார் 40 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கூடம். சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோத்து மீண்டும் பானைக்குள்ளேயே சொட்டுவதுபோல, ஆவி அந்த எஃகுச் சுவரில் படிந்து நீராகி வழிந்து தொட்டிக்கே திரும்புகிறது. சுவரின் வெளிப்புறத்தில், கட்டடத்தின் உச்சியிலுள்ள தொட்டியிலிருந்து ஏறக்குறைய 3,000 டன் நீர் மெல்லிய படலமாக வழிந்துகொண்டே இருக்கும். கீழிருந்து எழும் காற்று அதை ஆவியாக்கி வானத்துக்கு எடுத்துச் செல்லும். மனிதன் 72 மணி நேரம் எதையும் தொட வேண்டியதில்லை.

கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மழை, மழையிலிருந்து ஆறு என்று இந்தப் பூமி தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முறைதான் இது. அதை ஓர் எஃகுக் கூடத்துக்குள் எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். இதில் நீரின் இன்னொரு பெருமையும் வெளிப்படுகிறது. ஒரு கிலோ நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுவதும் ஆவியாக்க. சுமக்கும் ஆற்றலில் இத்தனை பெரியதை எளிய பொருள்களில் காண்பது அரிது. 2011இல் ஃபுகுஷிமாவில் சுனாமி ஜெனரேட்டர்களை மூழ்கடித்தபோது, கடலை ஒட்டியிருந்தும் உலைகளுக்கு நீர் கொண்டுசெல்ல மின்சாரம் இல்லாமல் போனது. நீரை உச்சியில் வைத்தவர்களின் ஞானம் அன்று புரிந்தது.

முதல் ஏபி1000 சீனாவின் சான்மெனில் 2018 ஜூன் 30 அன்று மின்கட்டமைப்பில் இணைந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இரண்டு, 2023இலும் 2024இலும் மின் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றுக்கு ஆன செலவும் தாமதமும் மிக அதிகம், வெஸ்டிங்ஹவுஸ் 2017இல் திவால் மனு கொடுக்கும் அளவுக்கு. எளிய விதிகளை நம்பிய உலையைக் கட்டுவது எளிதாக இருக்கவில்லை. நம் கூடங்குளத்தில் 2013இலும் 2016இலும் தொடர்வினை தொடங்கிய இரண்டு ரஷ்ய உலைகளும் அழுத்த நீர் உலைகளே. அங்கும் மின்சாரம் போனால் வெளிக்காற்றின் இயல்பான ஓட்டத்தாலேயே வெப்பத்தை எடுக்கும் ஏற்பாடு உண்டு. அந்தக் கடற்கரை மக்கள் அஞ்சியதும் கேள்வி கேட்டதும் நியாயமே. இந்த ஏற்பாடுகளை அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கும் கடமை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை என்பது என் கருத்து.

இவ்வளவும் மனிதனின் அறிவு என்று பெருமைப்படுவதற்கு முன் ஆப்பிரிக்காவின் காபோனுக்குப் போக வேண்டும். 1972இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில், காபோன் யுரேனியத்தில் 0.7202 விழுக்காடு இருக்க வேண்டிய யுரேனியம் 235, 0.7171 விழுக்காடே இருப்பதைக் கண்டார்கள். காணாமல் போனது எங்கே? தேடிப் போனபோது ஒக்லோ சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தாமாகவே எரிந்து அடங்கிய அணு உலைகள் கிடைத்தன. அவற்றின் தணிப்பான் நிலத்தடி நீர். இப்படி நடந்திருக்கக்கூடும் என்று 1956இலேயே கணக்கிட்டுச் சொன்னவர் பால் குரோடா.

காலம் அமைந்த விதத்தைப் பாருங்கள். யுரேனியம் 235, யுரேனியத்தில் பெரும்பங்கான இன்னொரு வகையைவிட விரைவாகச் சிதைவது. 70 கோடி ஆண்டுகளில் பாதியாகும். இன்று அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. அன்று மூன்றுக்கு மேல் இருந்தது. இன்றைய அழுத்த நீர் உலைகளுக்குச் செறிவூட்டி எட்டுகிற அளவுக்கு அண்மையானது அது. அதற்கு மிகவும் முந்தி இது நடந்திருக்கவும் முடியாது. காற்றில் ஆக்சிஜன் வந்த பின்தான் யுரேனியம் நீரில் கரைந்து ஓரிடத்தில் சேர முடிந்தது. அந்த ஆக்சிஜனைத் தந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். உயிர் ஒருபுறம், தேய்ந்துகொண்டிருந்த யுரேனியம் மறுபுறம், இடையில் ஒரு குறுகிய வேளை.

அந்த வேளையில் எரிந்த உலை தறிகெட்டுப் போகவில்லை. தாதுவில் சிறைப்பட்ட செனான் வாயுவை ஆராய்ந்த அலெக்ஸ் மெஷிக்கும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட கணக்கு இது: அரை மணி நேரம் எரியும், நீர் கொதித்து விலகும், தணிப்பான் இல்லாமல் வினை நிற்கும், இரண்டரை மணி நேரம் ஆறும், நீர் மீண்டும் கசியும், மீண்டும் எரியும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள். பொறியாளர்கள் அரை நூற்றாண்டு பாடுபட்டு எட்டிய ஒழுங்கை ஈர மணற்கல் அன்றே கடைப்பிடித்திருக்கிறது. அதில் பிறந்த புளுட்டோனியமும் கழிவுகளில் பெரும்பகுதியும் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவே இல்லை.

ஒக்லோவின் உலைகளில் பெரும்பாலானவை தாதுவோடு தாதுவாகத் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. அங்கிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, பாங்கோம்பே என்ற இடத்தில், நிலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஓர் உலை இருக்கிறது. அதைத் தோண்டாமல் காக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் 1990களிலேயே கேட்டுக்கொண்டார்கள். கோயில்களுக்கும் காடுகளுக்கும் தரும் பாதுகாப்பை உலக நாடுகள் அந்தப் பாறைக்கும் தர வேண்டும்.